இடைவெளி பிடுங்கிய நெவில் பைபஸ்

இடைவெளி என்ற ஒன்றை இனி ஒரு நிமிடம்கூடப் பொறுத்துக்கொள்வதில்லை என்று நெவில் பைபஸ் சபதம் எடுத்தபோது, அவர் மனைவி மெரில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். சாதாரணச் சபதம் இல்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, எழுந்து நின்று, டீக் கோப்பையை மேஜைமேல் ணங்கென்று வைத்து எடுத்த சபதம். கோப்பை மெரிலுடையது. அதனால் அவள் முதலில் கோப்பையைப் பார்த்தாள். கீறல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கணவனைப் பார்த்தாள்.

"எந்த இடைவெளி?"

"உன் இடைவெளிதான். ஸ்டைல் ஷீட்ல வரிக்கு வரி விட்டு வெச்சிருக்கியே, அது. அதாலதான் நம்ம வெப்சைட் இப்படி நொண்டுது."

"காலங்காத்தால போன்ல யாரு?"

"மெல்போர்ன்ல இருந்து ஒரு அம்மா. நம்ம வெப்சைட்டைத் திறந்துட்டு, கெட்டிலைப் போட்டு, டீ குடிச்சு, கப்பைக் கழுவி வெச்சுட்டு வந்து பாத்தாங்களாம். அப்பவும் பக்கம் முழுசா வரலையாம்."

"என்னதான் வந்திருந்துச்சாம்?"

நெவில் கொஞ்சம் தயங்கினார். "ஒரு நெத்தி."

"நெத்தியா?"

"யாரோ ஒரு ஆளோட நெத்தி மட்டும் வந்து நிக்குதுன்னாங்க. பொறுமை போயி வேற இடத்துல ரூம் போட்டுட்டாங்களாம்."

"யாரோட நெத்தின்னு கேட்டியா?"

"அதுவா இப்போ முக்கியம்?"

மெரில் ரொட்டியின் மூலை வரைக்கும் வெண்ணெயைக் கொண்டுபோனாள்.

பைபஸ் தம்பதிக்கு ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் இருக்கும் ஃபிளிண்டர்ஸ் தீவில், ட்ரௌசர்ஸ் முனைக்குப் போகும் பாதையில், கடலைப் பார்த்தபடி மூன்று மரக் குடில்கள். கோடைக்கு வருகிறவர்கள் குளிர்காலத்திலேயே இடம் பிடித்துவிடுவார்கள். இந்த வருஷம் குளிர்காலத்து ஜூனே முடியப் போகிறது, மூன்று குடில்களிலும் காற்றுதான் தங்கியிருந்தது. இன்னொரு கோடை இப்படிப் போனால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு, கடல் தாண்டி லான்செஸ்டன் நகரத்தில் மெரிலின் அக்கா வீட்டுப் பின்னறையில் குடியேற வேண்டியதுதான். அந்த அக்கா நெவிலோடு பேசுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. காரணம் கொஞ்ச நேரத்தில் வரும்.

வெப்சைட்டைக் கட்டியது மெரில். தீவின் ஒயிட்மார்க் ஊர் நூலகத்தில் நடந்த வகுப்புக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் போய், கற்றுக்கொண்டு கட்டியது. ஸ்டைல் ஷீட் என்பது அந்தப் பக்கத்துக்கு உடை உடுத்துகிற கோப்பு. தலைப்பு என்ன நிறம், ஓரம் எவ்வளவு, பட்டன் எங்கே உட்கார வேண்டும் என்ற கட்டளை எல்லாம் அதில்தான் இருக்கும். மெரில் அதைத் தன் காய்கறிப் பாத்தி மாதிரியே போட்டிருந்தாள். வரிக்கு ஒரு கட்டளை, நடுவே தாராளமாகக் காற்றோட்டம். நெவில் ஓய்வு பெற்றதும், "இனிமே இதை நான் பாத்துக்கிறேன்" என்று நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை. எடுத்துக்கொண்டார்.

நிர்வாகி சும்மா இருக்கலாமா? லான்செஸ்டனில் நடந்த ஒரு சனி, ஞாயிறு வகுப்புக்குப் போய் வந்தார். அங்கே சொல்லித் தந்த எத்தனையோ விஷயங்களில் அவர் காதில் விழுந்தது ஒன்றுதான். ஸ்டைல் ஷீட்டில் இருக்கும் வெற்றிடம் எல்லாம் மனிதர் படிப்பதற்காக. கம்ப்யூட்டருக்கு அது தேவையில்லை. நீக்கிவிட்டால் கோப்பு இளைக்கும், பக்கம் விரைவாக வரும். உண்மைதான், யாரும் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த ஆசிரியை படங்களைப் பற்றியும் நெடுநேரம் பேசினாள். அந்த நேரத்தில் நெவில் சிப்பிக்கறி அடைத்த ஸ்காலப் பை பலகாரம் வாங்க வெளியே போயிருந்தார்.

படம் என்றதும் அந்தப் போட்டோவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

வெப்சைட்டின் முகப்பில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, நெவில். கையில் ஒரு ட்ரம்பெட்டர் மீன், பிறந்த கன்றுக்குட்டி அளவுக்கு. பக்கத்து வீட்டு கிளாரியின் படகில் எடுத்தது. பார்த்தவர்கள் எல்லாரும், "நீங்க பிடிச்சதா?" என்று கேட்பார்கள். நெவில் அடக்கமாகக் கடலைப் பார்ப்பார். பொய் சொன்னதே கிடையாது. கடலைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

பிடித்தது மெரில். தூண்டில் அவளுடையது, இழுத்தது அவள், தோள்பட்டை சுளுக்கிக்கொண்டு ஒரு வாரம் படுத்திருந்ததும் அவள். கிளாரி எடுத்த போட்டோவில் மீனின் தலைப்பக்கம் அவள் நிற்கிறாள், வால்பக்கம் நெவில் நிற்கிறார். முகப்புக்கு ஒரு ஆள் போதும், ரெண்டு பேர் நின்றால் கூட்டமாகத் தெரிகிறது என்று நெவில் அதை வெட்டினார். வெட்டியதில் மெரிலின் பங்குக்கு மிஞ்சியது, மீனின் செவுளுக்குள் விட்ட ஒரு கை. மோதிரத்தோடு.

"அந்த முகப்புப் படத்தை ஒரு தடவை பாரேன்," என்றாள் மெரில் அன்று காலையிலும்.

"நான் இடைவெளியைப் பத்திப் பேசறேன். நீ படத்தை இழுக்கற. இதுதான் உன்னோட பழக்கம்."

"சரி, இழுக்கல."

"அந்த ரோஜாக் கொடி ஓரம், சுருள் சுருளா எழுத்து, கரடிக்குட்டி மாதிரி அந்த வாம்பட் பொம்மை. எல்லாம் உன் வேலை. நான் வாயைத் திறந்தேனா? இன்னிக்குத் திறக்கறேன்."

"திற," என்று சொல்லிவிட்டு மெரில் கோழிகளுக்குத் தீனி போடப் போனாள்.

நெவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்கத் தீவின் விமானத் திடலில் பெட்டிகளை எடை போட்டு ஏற்றியவர் அவர். சரக்கறைக் கதவு ஒருமுறை அவருடைய வலது கட்டைவிரலைக் கவ்வி, நகத்தைச் சப்பையாக்கி, நுனியையும் ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டது. அந்தக் கோணல் கட்டைவிரலால் ஒவ்வொரு இடைவெளியாகக் குத்தி அழித்தார். மீனுக்குச் செதில் சுரண்டுவது போன்ற வேலை. சுரண்டச் சுரண்டக் கோபம் ஏறியது. எத்தனை இடைவெளி, எத்தனை வெற்று வரி. ஒரு பெண்பிள்ளைக்கு இவ்வளவு ஊதாரித்தனமா? இதை எல்லாம் சுமந்துகொண்டு மெல்போர்ன் வரைக்கும் போகிற அந்தக் கம்பியில்லாத் தந்திக்கு இடுப்பு ஒடியாதா?

மறுநாளும் அதே வேலை. மூன்றாம் நாள் கட்டைவிரல் வீங்கிவிட்டது. பொறுமை அதற்கு முன்பே போயிருந்தது. இந்தக் கோப்பில் எங்கே எந்த இடைவெளி இருந்தாலும் மொத்தமாகத் தூக்கு என்று கம்ப்யூட்டருக்கே உத்தரவு போட்டார். தூக்கிவிட்டது.

ஆனால் இடைவெளியில் இரண்டு ஜாதி உண்டு. சும்மா உட்கார்ந்திருப்பது ஒன்று, வேலை செய்வது ஒன்று. பத்து, இருபது என்று தனித்தனியே நின்ற எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கம்ப்யூட்டருக்கு அது என்ன கணக்கு என்று விளங்கவில்லை. விளங்காத கட்டளையை அது சண்டை போடாமல் விட்டுவிடும். ஒன்றல்ல, பக்கத்தில் பாதிக் கட்டளையை விட்டுவிட்டது.

அன்று மதியம் கிளாரி போனைக் கையில் பிடித்தபடி சமையலறைக்குள் வந்தார். அவர் கதவைத் தட்டி யாரும் பார்த்ததில்லை.

"யோவ் நெவில், உன் மூக்கு மேல என்னமோ ஒட்டியிருக்கு."

நெவில் மூக்கைத் தடவிப் பார்த்தார்.

"அந்த மூக்கு இல்லய்யா. இந்த மூக்கு." போனைக் காட்டினார். 'முன்பதிவு செய்ய' என்ற பட்டன், இருந்த இடத்தை விட்டு நகர்ந்து, முகப்பு நெவிலின் மூக்குமேல் நடுவாக உட்கார்ந்திருந்தது. "ரூம் வேணும்னா உன் மூக்கைக் குத்தணும் போல. நான் குத்திப் பாத்தேன். நல்லாத்தான் வேலை செய்யுது."

"மெரில்," என்றார் நெவில், மிகவும் மெல்லிய குரலில்.

மெரில் வந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் நெவிலுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கெட்டிலைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பழைய ஸ்டைல் ஷீட்டை எங்கிருந்தோ எடுத்தாள், எதிலோ போட்டாள், ஒரு பட்டனைத் தட்டினாள். கெட்டில் கொதிப்பதற்குள் வேண்டாத இடைவெளி எல்லாம் போய், வேண்டிய இடைவெளி எல்லாம் நின்று, கோப்பு இளைத்து வந்துவிட்டது. நெவிலின் மூக்கும் விடுதலை ஆயிற்று.

"என்ன பண்ணின?"

"சுருக்கினேன். அதுக்குன்னே இருக்கே இது. போட்டா ஒரே நொடியில சுருக்கிக் குடுத்துடும்."

"இப்படி ஒண்ணு இருக்குன்னு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே. பிடுங்கறது உனக்கு சந்தோஷமா இருக்காக்கும்னு நெனைச்சேன்."

மூன்று நாள் உழைப்பு. ஒரு கட்டைவிரல். அதைக் கெட்டில் கொதிக்கும் நேரத்தில் முடித்துவிட்டு, சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கேட்கிறாள். இது எந்த ஊர் நியாயம் என்று நெவில் ஜன்னலைப் பார்த்துக் கேட்டார். ஜன்னலுக்கு வெளியே மேல்காற்று வீசிக்கொண்டிருந்தது, அதுவும் அவருக்கு எதிராகத்தான் வீசியது.

"எப்படியோ சுருக்கியாச்சு," என்று மார்பை நிமிர்த்தினார். "யார் சுருக்கினா என்ன, யோசனை என்னோடது. கிளாரி, உன் போன்ல திறந்து பாரு. பறக்கும்."

கிளாரி திறந்தார். மூவரும் காத்திருந்தார்கள். கிளாரி தட்டிலிருந்து ஒரு லாமிங்டன் கேக் எடுத்துத் தின்றார். விரலில் ஒட்டிய தேங்காய்த் துருவலை நக்கினார்.

"நெத்தி வந்துருச்சு," என்றார்.

நெவில் போனை எட்டிப் பார்த்தார்.

"புருவம் வருது. ஒரு பக்கப் புருவம்." இன்னொரு லாமிங்டன் போனது. "ரெண்டாவது புருவமும் வந்துருச்சு. மூக்குக்கு இன்னும் நேரம் ஆகும்னு தோணுது, டீ இன்னும் இருக்கா?"

"ரோஜாக் கொடிதான்," என்று நெவில் மேஜையைத் தட்டினார். "நான் அன்னைக்கே சொன்னேன். அதுவும் அந்தச் சுருள் எழுத்தும் சேர்ந்து கழுத்தை நெரிக்குது. சீவி சிங்காரிச்சு வெச்சா பக்கம் எப்படி நகரும்? குடும்பமே முழுகிட்டிருக்கு, இவளுக்குப் பூ கேக்குது."

மெரில் லாமிங்டன் தட்டை அவர் பக்கமாக நகர்த்தினாள். லாமிங்டன் தட்டு தானாக நகர்ந்து வந்தால் ஒரு கணவன் உஷாராக வேண்டும். நெவில் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு சந்தேகம், நெவில். ஏர்ஸ்ட்ரிப்ல பாரம் ஜாஸ்தி ஆயிட்டா என்ன பண்ணுவ?"

இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஓய்வு பெற்ற நாளிலிருந்து காத்திருந்தவர் அவர். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இறக்குவேன்."

"எதை?"

"இருக்கிறதுலயே கனமானது எதுவோ அதை. குட்டிக் குட்டியா பத்து சாமானை இறக்கறவன் முட்டாள். பெருசு ஒண்ணை இறக்கு, விமானம் கிளம்பிடும். அதான் என் சட்டம்."

"யாரோடதுன்னு பாப்பியா?"

"பாக்கவே மாட்டேன். பாதிரியாரோட ஆர்மோனியப் பெட்டியை இறக்கியிருக்கேன். நான் யாருக்கும் பயந்தவன் இல்ல. ஏன், உன் பெட்டியையே இறக்கலையா?"

"இறக்கின," என்றாள் மெரில்.

அக்காவின் கல்யாணத்துக்காக மெரில் லான்செஸ்டன் புறப்பட்ட நாள் அது. மணப்பெண்ணுக்குத் தோழியாக நிற்க வேண்டியவள். கவுன் பெட்டியில், பெட்டி தரையில், விமானம் ஆகாயத்தில். ரப்பர் பூட்ஸும் மீன் வாசனை அடிக்கும் ஸ்வெட்டருமாக மெரில் மணப்பெண் பக்கத்தில் நின்ற போட்டோ இன்றைக்கும் அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

"அன்னைக்கு நான் கெஞ்சினேனே, ஞாபகம் இருக்கா? ரெண்டு ஜோடி ஷூவை எடுத்துடறேன், பெட்டி இளைச்சுடும், அப்புறம் ஏத்துன்னு."

"இறக்கினது இறக்கினதுதான்னு சொன்னேன். இளைக்க வெச்சு ஏத்தறதுன்னு ஆரம்பிச்சா விமானம் என்னைக்குக் கிளம்பும்? சட்டம்னா சட்டம். அடுத்த விமானத்துல வரும், கவலைப்படாதேன்னும் சொன்னேனா இல்லையா?"

"வந்துச்சு. கல்யாணம் முடிஞ்சு கேக்கும் தீந்த பிறகு." மெரில் அவருக்கு இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள். "அந்தச் சட்டம் நம்ம வெப்சைட்டுக்கும் செல்லுமா?"

நெவில் ரோஜாக் கொடியை நினைத்தார். சுருள் எழுத்தை நினைத்தார். வாம்பட் பொம்மை மூட்டை முடிச்சோடு வெளியேறுவதை நினைத்தபோது உள்ளம் குளிர்ந்தது.

"செல்லும். நல்லாவே செல்லும். எது கனமோ அது இறங்கும். யாரோடதா இருந்தாலும் சரி, அழுது புரண்டாலும் சரி."

"கிளாரி, நீ சாட்சி."

"சாட்சிக்கு இன்னொரு லாமிங்டன் ஆகும்," என்றார் கிளாரி.

நெவில் கையை நீட்டினார். மெரில் குலுக்கினாள். அந்தத் தீவில் கை குலுக்கிச் சொன்ன பேச்சிலிருந்து பின்வாங்கியவன் மறுநாள் மதுக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

மெரில் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தாள். பக்கத்தில் இருக்கும் ஒவ்வொன்றும் என்ன எடை என்று காட்டும் ஒரு மூலை அதில் உண்டு. நெவிலுக்கு அது தெரியாது. வாழ்க்கை முழுக்க எடை போட்டவருக்குத் தராசு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

"ஸ்டைல் ஷீட், இருபது கிலோபைட். ரோஜாக் கொடி பதினாறு. சுருள் எழுத்து முப்பது. வாம்பட் பன்னிரண்டு."

"கிலோவிலயா?" என்றார் கிளாரி.

"அது வேற கிலோ. பேசாம இரு," என்றார் நெவில். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "மேல போ. எங்கயோ ஒளிஞ்சிருக்கும்."

"கடைசியா ஒண்ணு இருக்கு. 'நெவில் மீன் பெரிசு'ன்னு பேரு வெச்சிருக்க. பதினாலாயிரம்."

நெவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். பதினாலாயிரம் பதினாலாயிரமாகவே இருந்தது.

"புள்ளி தப்பா விழுந்திருக்கும்."

"புள்ளியே இல்லையே."

"மீன் பெரிய மீன்."

"மீன் அவ்வளவு கனம் இல்ல," என்றார் கிளாரி. "நான்தானே தூக்கிப் போட்டேன்."

"ஒவ்வொரு செதிலும் தெரியணும், ஒரு துளி குறைக்காம அப்படியே போடுன்னு சொன்னது யாரு?" என்று மெரில் கேட்டாள். "மத்ததெல்லாம் சேந்தாலும் பல் விளக்கற பிரஷ் எடைதான். இது நிக்கிற மாடு. மெல்போர்ன்ல இருக்கறவங்க ரூம் கேக்கறாங்க, நீ மாட்டை இழுத்துக்கிட்டு வான்னு சொல்ற."

நெவிலுக்கு முகம் சிவந்துவிட்டது. கோபம் வந்தது, ஆனால் யார்மேல் வருவது என்று அதற்குத் தெரியவில்லை. மெரில்மேல் வரப் பார்த்தது, அவள் தராசைத்தான் காட்டினாள். கிளாரிமேல் வரப் பார்த்தது, அவர் தின்றுகொண்டிருந்தார்.

"சரி, படத்தையும் சுருக்கலாமே," என்றார் கடைசியில். "அதுக்கும் ஏதோ வழி இருக்குமே. ஓரத்தைக் கொஞ்சம் குறைச்சு, கொஞ்சம் இளைக்க வெச்சு..."

"ரெண்டு ஜோடி ஷூவை எடுத்துடறேங்கற?"

எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் நெவில் தரையில் இறக்கி வைத்த பெட்டி அது. இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. அன்றைக்கு அவள் கெஞ்சிய முகம் எப்படி இருந்திருக்கும் என்று முதல் தடவையாகத் தோன்றியது. தோன்றியது அவருக்குப் பிடிக்கவே இல்லை.

"இறக்கினது இறக்கினதுதான்," என்று சாட்சி நினைவூட்டினார், வாய் நிறைய.

எடை போட்டவர்தான் இறக்க வேண்டும். அதுவும் அவர் போட்ட சட்டம். நெவில் தன் கோணல் கட்டைவிரலை நீட்டி, தன்னைத் தானே அழித்தார். கிளாரி போனில் மறுபடி திறந்தார். லாமிங்டனுக்குக் கை போவதற்குள் பக்கம் வந்து நின்றது. குடில்கள், கடல், ரோஜாக் கொடி, வாம்பட், பட்டன், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

"வந்துருச்சு," என்றார் கிளாரி. "நெத்தியைத்தான் காணோம்."

"கவலைப்படாதே," என்று மெரில் கணவனின் தோளைத் தட்டினாள். "அடுத்த விமானத்துல வரும்."

வரவும் செய்தது. மறுநாள் காலையில் நெவில் எழுந்து வந்து பார்த்தபோது முகப்பில் அதே மீன் இருந்தது. இறகு எடைக்குச் சுருக்கிய படம், கண்ணிமைக்கும் முன் வந்து விழுந்தது. மீனின் தலைப்பக்கம் மெரில், வாய்கொள்ளாச் சிரிப்போடு. முகப்புக்கு ஒரு ஆள் போதும், ரெண்டு பேர் நின்றால் கூட்டமாகத் தெரிகிறது என்று அவளும் வெட்டியிருந்தாள். நெவிலின் பங்குக்கு மிஞ்சியது, மீனின் வாலைப் பிடித்த ஒரு கட்டைவிரல்.

"இது அநியாயம்," என்றார்.

"நகம் தெளிவா தெரியுது பாரு," என்றாள் மெரில்.

அநியாயத்துக்கு என்ன கேடு, அடுத்த இரண்டு மாதத்தில் மூன்று குடில்களும் கோடை முழுக்க நிரம்பிவிட்டன. அக்கா வீட்டுப் பின்னறைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நெவில் மட்டும் யாராவது வெப்சைட்டைப் புகழ்ந்தால், "சுருக்கணும்னு சொன்னது நான்தான்" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்ப்பார்.

கோடை பிறந்து, டிசம்பர் மாதம் வந்த முதல் விருந்தாளி அந்த மெல்போர்ன் அம்மாள்தான். ஏற்கெனவே போட்ட ரூமை விட்டுவிட்டு இங்கே வந்திருந்தாள். விமானத் திடலில் நெவில் அவளுடைய பெட்டியைத் தூக்கினார். பழக்கத்தில் கையாலேயே எடை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மெரிலிடம் மீனைப் பற்றி வழியெல்லாம் விசாரித்துக்கொண்டு வந்த அந்த அம்மாள், குடில் வாசலில் சட்டென்று நின்று நெவிலையே உற்றுப் பார்த்தாள்.

"உங்களை எங்கேயோ பாத்திருக்கேனே."

நெவிலின் மனது துள்ளியது. நெற்றி நன்றாகத் தெரியட்டும் என்று தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். ஆனால் அவள் பார்வை நெற்றியில் நிற்கவில்லை. மூக்கைத் தாண்டி, மார்பைத் தாண்டி, பெட்டியைப் பிடித்திருந்த கையில் வந்து நின்றது.

"அட, அந்தக் கட்டைவிரல் நீங்கதானா?"